சிறைக்கு வெளியே ஒரு குவாண்டனாமோ

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு. வானொலியில் நான் நடத்தும் பழைய பாடல் நிகழ்ச்சி. மணி பத்தைத் தாண்டியிருந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். அந்த நேரத்தில் வழக்கமாக பி.பி.ஸ்ரீநிவாஸ் கேட்பார்கள், சுசீலாம்மா கேட்பார்கள். அவர் கேட்டது ‘குவாண்டனாமேரா’.

“ஐயா, இது தமிழ் நிகழ்ச்சி. ஸ்பானியப் பாட்டைப் போட முடியாதே?” என்றேன் சிரித்துக்கொண்டே.

“தெரியும்மா. சின்ன வயசுல ரேடியோவுல கேட்டது. மனசுல அப்படியே நிக்குது. அந்த மெட்டையாவது பாடிக் காட்டுங்களேன்” என்றார்.

நானும் இரண்டு வரி மெட்டை முணுமுணுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேச்சை வளர்ப்பதற்காக, “சிறைச்சாலைக்குப் பேர்போன ஊராச்சே ஐயா அது!” என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நொடி அமைதி. பிறகு அவர் கேட்டார்: “அந்த ஊர்ல சிறை மட்டுமாம்மா இருக்கு? சனங்களும் இருப்பாங்கல்ல?”

நேரம் முடிந்துவிட்டது. விளம்பரம் போனது. கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

கல்லூரியில் ஊடகவியல் படித்தபோது குவாண்டனாமோ சிறையைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். ஆரஞ்சு உடை, முள்வேலி, விசாரணைக் கூண்டு எல்லாம் தெரியும். ஆனால் அந்த வேலிக்கு வெளியே யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், மழை பெய்யுமா பெய்யாதா, எதுவும் தெரியாது. நான் அங்கே போனதும் இல்லை. அந்த இரவுக்குப் பிறகு வரைபடத்தையும் புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்தப் பெரியவருக்கு நான் தரவேண்டிய பதில்.

கியூபாவின் கிழக்கு முனை

கரீபியன் கடலில் நீளவாக்கில் படுத்திருக்கும் தீவு கியூபா. அதன் மேற்குப் பக்கம் தலைநகர் ஹவானா. அங்கிருந்து கிழக்கே கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர் பயணம் செய்தால் கடைசியாக வரும் மாகாணம் குவாண்டனாமோ. புக்கிட் காயு ஹீத்தாமில் ஏறி ஜொகூர் பாரு வரை நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதையும் ஓட்டி முடித்தாலும் அந்தத் தூரம் வராது.

பரப்பளவு சுமார் 6,170 சதுர கிலோமீட்டர். நம் நெகிரி செம்பிலானைவிடச் சற்றுச் சிறியது. மக்கள்தொகை சுமார் 5 லட்சம். நெகிரி செம்பிலானில் வாழ்பவர்களில் பாதிகூட இல்லை. அதில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குவாண்டனாமோ என்ற அதே பெயர் கொண்ட தலைநகரில் இருக்கிறார்கள். மற்றவர்கள் மலைக் கிராமங்களிலும் கடலோரச் சிற்றூர்களிலும் பரவிக் கிடக்கிறார்கள்.

முன்பு கியூபாவின் கிழக்குப் பகுதி முழுவதும் ‘ஓரியெந்தே’ என்ற ஒரே பெரிய மாகாணமாக இருந்தது. 1976-இல் அதை ஐந்தாகப் பிரித்தார்கள். கடைக்கோடியில் இருந்த துண்டுக்குக் குவாண்டனாமோ என்ற பெயர் நிலைத்தது. இன்று அதில் 10 நகராட்சிப் பகுதிகள் இருக்கின்றன.

கியூபாவிலேயே சூரியன் முதலில் உதிப்பது இந்த மாகாணத்தின் மைசி முனையில்தான். 1862-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் அங்கே நிற்கிறது. எதிரே கடல். அந்தக் கடலுக்கு ‘காற்றுகளின் கால்வாய்’ என்று ஸ்பானிய மொழியில் பெயர். சுமார் 80 கிலோமீட்டர் அகலம். அதைத் தாண்டினால் ஹைத்தி நாடு. இந்த 80 கிலோமீட்டர் கடலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாகாணத்தின் மக்களில் பலருடைய முன்னோர் அதைக் கடந்து வந்தவர்கள்தான்.

ஒரு பக்கம் அடைமழை, மறுபக்கம் கள்ளிச்செடி

மாகாணத்தின் நடுவே பூரியால் மலைத்தொடர் ஓடுகிறது. வடகிழக்கிலிருந்து வீசும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி, வடக்குப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. தோவா ஆற்றின் மேட்டுப் பகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கோலாலம்பூரில் பெய்வதைவிட அதிகம். கியூபாவிலேயே அதிக நீர் ஓடும் ஆறு இந்தத் தோவாதான். அதற்கு 70-க்கும் மேற்பட்ட துணையாறுகள்.

மலையைத் தாண்டி வரும் காற்றில் ஈரமே மிச்சமில்லை. அதனால் தெற்குக் கடலோரம் காய்ந்து கிடக்கிறது. கியூபாவிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் இடம் அது. சில இடங்களில் ஆண்டுக்கு 400 முதல் 600 மில்லிமீட்டர்தான். கள்ளிச்செடி, முட்புதர், வெளுத்த பாறை. கரீபியன் தீவு என்றதும் நம் கண்ணில் வரும் தென்னந்தோப்பு அங்கே கிடையாது. வறண்ட வெயில் உப்பளத்துக்கு நல்லது என்பதால் விரிகுடாவின் கரையில் உப்பு காய்ச்சுகிறார்கள். கியூபாவின் சமையலறைகளுக்குப் போகும் உப்பில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது.

சில மணி நேர மலைப்பயணத்தில் கேமரன் மலையிலிருந்து பாலைவனத்துக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும். இத்தனைக்கும் எல்லாம் ஒரே மாகாணத்துக்குள்.

சாலை இல்லாமல் 450 ஆண்டுகள்

வடக்குக் கடற்கரையில் பராக்கோவா என்ற ஊர் இருக்கிறது. 1492 நவம்பரில் கொலம்பஸ் இந்தக் கரையில் இறங்கினார். 1511-இல் ஸ்பானியர்கள் கியூபாவில் அமைத்த முதல் குடியிருப்பு இதுதான். சில ஆண்டுகள் தீவின் தலைநகராகவும் இருந்தது. பிறகு தலைநகர் சந்தியாகோவுக்கு மாறியது. பராக்கோவாவை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

மறந்தது என்றால் சாதாரணமாக இல்லை. மலைகள் சுற்றி வளைத்திருந்ததால் 1960-கள் வரை இந்த ஊருக்கு ஒழுங்கான சாலையே கிடையாது. கடல் வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். 1960-களில் மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்கின் ஓரத்தில் தூண்களை நிறுத்தியும் ‘லா ஃபரோலா’ என்ற மலைப்பாதையைப் போட்டார்கள். தெற்கின் கள்ளிக்காட்டில் தொடங்கி, மேகத்துக்குள் ஏறி, வடக்கின் மழைக்காட்டில் இறங்கும் பாதை. அதில் பயணம் செய்தால், நான் மேலே சொன்ன இரண்டு தட்பவெப்பங்களையும் பேருந்துச் சன்னல் வழியாகவே பார்த்துவிடலாம்.

தனித்துக் கிடந்ததால் பராக்கோவாவின் சமையலும் தனியாகவே வளர்ந்தது. கியூபாவின் மற்ற ஊர்களில் சாதம், அவரை, பன்றி இறைச்சி என்று ஒரே மாதிரி இருக்கும். இங்கே மீனைத் தேங்காய்ப்பாலில் கொதிக்க வைக்கிறார்கள். பச்சை வாழைக்காயை அரைத்து, நண்டு வைத்து, வாழையிலையில் மடித்து வேக வைக்கிறார்கள். தேங்காய்த் துருவலில் சர்க்கரையோ தேனோ சேர்த்து, கொய்யாவோ ஆரஞ்சோ கலந்து, பனை மட்டையைக் கூம்பாகச் சுருட்டி அதில் அடைத்துச் சாலையோரம் விற்கிறார்கள். அதன் பெயர் ‘குகுருச்சோ’. படிக்கும்போதே எனக்கு நம் தேங்காய்ப் பூரணம் நினைவுக்கு வந்தது.

கியூபாவின் கோகோவில் பெரும்பகுதி விளைவதும் இந்த ஊரைச் சுற்றித்தான். 1963-இல் இங்கே ஒரு சாக்லேட் தொழிற்சாலையைத் திறந்து வைத்தவர் அப்போது தொழில்துறை அமைச்சராக இருந்த சே குவேரா. நம் பிள்ளைகள் சட்டையில் போட்டுக்கொண்டு திரியும் அதே சே.

ஊருக்குப் பின்னால் உச்சி தட்டையாக வெட்டிவிட்டதுபோல் ஒரு மலை, உயரம் 575 மீட்டர். பெயர் எல் யூங்கே. கொல்லன் பட்டறையில் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல் என்று பொருள். அதற்கு அப்பால் தொடங்குகிறது அலெக்சாந்தர் ஹும்போல்ட் தேசியப் பூங்கா. 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த காடு. உலகின் மிகச் சிறிய தவளைகளில் ஒன்று இங்கே வாழ்கிறது. உடலின் நீளம் ஒரு சென்டிமீட்டர்தான். நம் 5 சென் நாணயத்தின் மேல் தாராளமாக உட்காரும். 1996-இல்தான் அறிவியல் உலகுக்கே அது அறிமுகமானது.

மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, வெள்ளை என வரிவரியாக வண்ணம் பூசியதுபோன்ற நத்தைகளும் இந்த மாகாணத்தில் உண்டு. அந்த அழகே அவற்றுக்கு ஆபத்தானது. ஓட்டைக் கோத்து மாலையாக விற்கிறார்கள். பயணிகள் வாங்குகிறார்கள். இப்போது அந்த நத்தை இனங்களின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை இருக்கிறது. யாராவது கரீபியன் பக்கம் சுற்றுலா போய் அப்படி ஒரு மாலை கண்ணில் பட்டால், தயவுசெய்து வாங்காதீர்கள்.

யார் இந்த மக்கள்?

முதலில் இருந்தவர்கள் தாயினோ பழங்குடிகள். ‘குவாண்டனாமோ’ என்பதே அவர்கள் மொழிச்சொல்தான், ஆறுகளுக்கு நடுவே உள்ள நிலம் என்று பொருள் என்பார்கள். ‘ஹரிக்கேன்’ என்று ஆங்கிலத்தில் புயலைச் சொல்கிறோமே, அதுவும் தாயினோ சொல். ‘கெனூ’ என்ற படகும் ‘ஹாம்மொக்’ என்ற தூளிப்படுக்கையும் அவர்கள் தந்தவையே.

ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே பக்கத்துத் தீவிலிருந்து தோணிகளில் வந்து, “இவர்கள் எப்படிப்பட்டவர்கள் தெரியுமா?” என்று எச்சரித்தவர் ஹத்துவே என்ற தாயினோ தலைவர். 1512-இல் அவரை உயிரோடு எரித்தார்கள். பராக்கோவாவில் தேவாலயத்துக்கு எதிரே அவருடைய சிலை இருக்கிறது. அந்தத் தேவாலயத்துக்குள் கொலம்பஸ் நட்டதாகச் சொல்லப்படும் மரச்சிலுவை. அந்த மரத்தைச் சோதித்தபோது அது ஐரோப்பிய மரம் இல்லை, இந்தப் பகுதியிலேயே வளரும் மரம் என்று தெரிந்தது.

தாயினோக்கள் முற்றிலும் அழிந்துவிட்டார்கள் என்று பள்ளிப் புத்தகங்கள் நெடுங்காலம் எழுதின. ஆனால் குவாண்டனாமோ மலைகளில் உள்ள கரிதாத் தெ லோஸ் இந்தியோஸ் போன்ற கிராமங்களில் தங்களைத் தாயினோ வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. மூலிகை, பயிர், சடங்கு ஆகியவற்றில் பழைய வழக்கங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மரபணு ஆய்வுகளும் அவர்கள் பக்கம் பேசுகின்றன. 2014-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கியூபர்களின் மரபில் சராசரியாக 8 விழுக்காடு பழங்குடி மரபு. கிழக்கே போகப்போக அந்தப் பங்கு கூடுகிறது. அழிந்துவிட்டார்கள் என்று எழுதிவிட்டால் மட்டும் மக்கள் அழிந்துவிடுவதில்லை.

அடுத்தது அந்த 80 கிலோமீட்டர் கடல். 1791-இல் ஹைத்தியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804-இல் நாடு விடுதலை பெற்றது. அந்தக் காலத்தில் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தப்பித்து இந்தப் பக்கம் வந்தார்கள். தங்கள் அடிமைகளையும் இழுத்து வந்தார்கள். இங்கே மலைச்சரிவுகளில் காப்பித் தோட்டம் போட்டார்கள். அந்தத் தோட்டங்களின் இடிபாடுகள் குவாண்டனாமோவிலும் பக்கத்துச் சந்தியாகோவிலும் இன்னும் நிற்கின்றன. 2000-இல் அவற்றையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது.

தோட்ட வீடுகளில் முதலாளிகள் ஆடிய பிரெஞ்சு நடனத்தைப் பார்த்த அடிமைகள், அதைத் தங்கள் ஆப்பிரிக்க முரசோடு சேர்த்து ஆடத் தொடங்கினார்கள். ‘தும்பா பிரான்செசா’ என்று பெயர். நீண்ட பாவாடை, விசிறி, கைக்குட்டையோடு ஆடும் ராஜ நடனம். அடியில் அதிரும் முரசோ முழுக்க ஆப்பிரிக்கா. கியூபா முழுவதும் இந்தக் கலையைக் காக்கும் சங்கங்கள் இன்று மூன்றே. அவற்றில் ஒன்று குவாண்டனாமோ நகரில் இருக்கிறது. பாட்டி, பேத்தி என்று குடும்பங்கள் வழியாக இது கைமாறி வருகிறது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு வெட்ட ஹைத்தியிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸ் போன்ற பிற ஆங்கிலத் தீவுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். வந்த இடத்தில் சங்கம் வைத்தார்கள், தேவாலயம் கட்டினார்கள், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்கள். 1945-இல் தொடங்கிய மேற்கிந்தியர் நல மையம் ஒன்று குவாண்டனாமோ நகரில் உண்டு. கூலிக்குக் கப்பலேறி வந்து, வந்த ஊரில் கோயிலும் பள்ளியும் கட்டிய தாத்தா பாட்டிகளின் கதையை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தக் கலவையிலிருந்து வந்தவர்களில் இரண்டு பெயர்களையாவது நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பராக்கோவாவில் பிறந்து, சிறுவயதில் காலணி துடைத்து வளர்ந்த அர்னால்தோ தமாயோ மெந்தெஸ் 1980-இல் விண்வெளிக்குப் போனார். ஆப்பிரிக்க வம்சாவளியினரில் விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர் அவர்தான். 1992, 1996, 2000 என மூன்று ஒலிம்பிக்கிலும் ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் தங்கம் வென்ற ஃபெலிக்ஸ் சாவோனும் குவாண்டனாமோக்காரர்.

விரிகுடாவின் வாசலில் வேலி

இப்போது சிறைக்கு வருவோம். மாகாணத்தின் தெற்கே அருமையான ஓர் இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. 1898-இல் ஸ்பெயினோடு நடந்த போரில் அமெரிக்கப் படைகள் இங்கே இறங்கின. 1903-இல் கியூபாவோடு ஒரு குத்தகை ஒப்பந்தம் போட்டார்கள். விரிகுடாவின் வாய்ப்பகுதியில் சுமார் 117 சதுர கிலோமீட்டர். ஆண்டு வாடகை 2,000 டாலர். 1934-இல் அது சுமார் 4,085 டாலராக மாறியது. இன்றைய கணக்கில் கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டின் சில மாத வாடகை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால், அல்லது அமெரிக்கா தானாகவே காலி செய்தால்தான் குத்தகை முடியும். கியூபப் புரட்சிக்குப் பிறகு 1959-இல் ஒரு காசோலையை மட்டும் மாற்றினார்கள். அதன் பிறகு வந்த எதையும் கியூபா தொடுவதில்லை.

குடிநீருக்கும் ஒரு கதை உண்டு. தளத்துக்கு மாகாணத்தின் யாத்தேராஸ் ஆற்றிலிருந்துதான் குழாய் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. 1964 பிப்ரவரியில் கியூபா அதை நிறுத்தியது. அமெரிக்கர்கள் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டிக்கொண்டார்கள். ஜொகூர் தண்ணீரையும் சிங்கப்பூரையும் பற்றிப் பேசிப் பழகிய நமக்கு அதன் பொருள் நன்றாகவே புரியும்.

இந்த அரசியலின் நடுவே சாதாரண மனிதர்கள் இருந்தார்கள். ஒரு காலத்தில் குவாண்டனாமோ நகரிலிருந்தும் காய்மனேரா ஊரிலிருந்தும் ஆயிரக்கணக்கான கியூபர்கள் தினமும் வேலி தாண்டித் தளத்தில் வேலைக்குப் போனார்கள். புரட்சிக்குப் பிறகு புதிதாக ஆள் எடுப்பது நின்றது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் மட்டும் ஓய்வு பெறும்வரை போய் வந்தார்கள். எண்ணிக்கை குறைந்து குறைந்து கடைசியில் இருவர் மிஞ்சினார்கள். எண்பதை ஒட்டிய வயது. ஓய்வு பெற்ற பழைய தொழிலாளர்களின் ஓய்வூதியப் பணத்தை அந்த இருவர்தான் வேலியின் இந்தப் பக்கம் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2012 இறுதியில் அவர்களும் ஓய்வு பெற்றார்கள்.

2002 ஜனவரியில்தான் அங்கே இன்று உலகம் அறிந்த தடுப்புச் சிறை வந்தது. இதுவரை சுமார் 780 பேரை அடைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. 2025 தொடக்கத்தில் மிஞ்சியிருந்தவர்கள் 15 பேர். அந்தச் சிறையில் நடந்த கொடுமைகளை உலகம் மறக்கக் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சிறையைக் கட்டியதிலும், யாரை அடைப்பது என்று முடிவு செய்ததிலும் வேலிக்கு வெளியே இருக்கும் 5 லட்சம் பேரில் ஒருவருக்குக்கூடப் பங்கில்லை. பெயர் மட்டும் அவர்களுடையது.

வேலிக்கு மிக அருகில் இருக்கும் கியூப ஊர் காய்மனேரா. உப்பளத் தொழிலாளர்களும் மீனவர்களும் வாழும் ஊர். எல்லைப் பகுதி என்பதால் வெளியூர்க்காரர்கள் அங்கே போக அனுமதிச்சீட்டு வேண்டும். தங்கள் சொந்த விரிகுடாவின் வாசல் வேறொருவர் கையில் இருக்க, அவர்கள் மீன் பிடிக்கிறார்கள், உப்பு வாருகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

அந்தப் பாட்டு

பெரியவர் கேட்ட பாட்டுக்கு வருகிறேன். ‘குவாண்டனாமேரா’ என்றால் குவாண்டனாமோவைச் சேர்ந்த பெண் என்று பொருள். ‘எங்க ஊர்ப் பொண்ணு’ என்பதுபோல.

வானொலிக்காரியான எனக்கு இதில் பிடித்த செய்தி ஒன்று உண்டு. இந்த மெட்டைப் புகழ்பெறச் செய்தவர் ஹோசெயித்தோ ஃபெர்னாந்தெஸ் என்ற பாடகர். 1940-களில் ஹவானா வானொலியில் அன்றாடச் செய்திகளையும் குற்றச் சம்பவங்களையும் இந்த மெட்டில் கட்டிப் பாடிக்கொண்டிருந்தார். அதாவது, ஒரு காலத்தில் இது செய்தி அறிக்கை!

பிறகுதான் கியூபக் கவிஞர் ஹோசே மார்த்தியின் கவிதை வரிகளை அந்த மெட்டில் பொருத்தினார்கள். 1960-களில் அது உலகம் சுற்றியது. இன்று இங்கிலாந்துக் கால்பந்து அரங்குகளில் ரசிகர்கள் ஆட்டக்காரரின் பெயரைச் சேர்த்து ஆயிரம் தொண்டையில் பாடும் மெட்டும் இதுதான். சனி இரவுகளில் மாமாக் கடையில் ஆட்டம் பார்ப்பவர்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள்.

மார்த்திக்கும் இந்த மண்ணுக்கும் பாட்டைத் தாண்டிய உறவு இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் நாடு கடந்து வாழ்ந்த அவர், ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போருக்காகத் திரும்பி வந்தபோது கரையேறியது குவாண்டனாமோவின் தெற்குக் கரையில், காகோபாபோ என்ற கற்கள் நிறைந்த சிறு கடற்கரையில். 1895 ஏப்ரல் 11, இருட்டு, மழை, ஆறு பேர், ஒரு சிறு படகு. 38 நாளில் போர்க்களத்தில் உயிரிழந்தார். வயது 42.

மாகாணத்துக்குச் சொந்தமான இசை வேறு ஒன்று. ‘சங்வி’ என்பார்கள். மலைக் கிராமங்களில் விடியவிடியக் கூடி ஆடும் இசை. மூன்று சோடித் தந்திகள் கொண்ட ‘திரெஸ்’ என்ற கிதார், பெட்டிமேல் உட்கார்ந்து இரும்புத் தகடுகளை மீட்டும் ‘மரிம்புலா’, பொங்கோ முரசு, சுரண்டித் தாளம் போடும் உலோகக் குழல், குலுக்கிகள். பாட்டுக்கு வரி எழுதி வைப்பதில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையும் போன வார விளைச்சலும் அங்கேயே பாட்டாகிவிடும். நம் தோட்டப்புறத்து உருமி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இரவுகள் அந்நியமாக இருக்காது.

வந்தவர்கள் போகிறார்கள்

சுற்றுலா விளம்பரம்போல் இதை முடிக்க எனக்கு மனமில்லை. குவாண்டனாமோ கியூபாவின் ஏழ்மையான மாகாணங்களில் ஒன்று. பல பத்தாண்டுகளாக இளைஞர்கள் வேலை தேடி ஹவானாவுக்குப் போகிறார்கள். அங்கே கிழக்கிலிருந்து வருபவர்களை ‘பாலஸ்தீனர்கள்’ என்று கேலியாக அழைப்பார்கள். சொந்த நாட்டிலேயே நிலமற்றவர்கள் என்ற குத்தல். 1997-இல் ஹவானாவில் குடியேறுவதற்கே அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது.

அண்மை ஆண்டுகளில் மக்கள் நாட்டையே விட்டுப் போகிறார்கள். 11 மில்லியனுக்கு மேல் இருந்த கியூபாவின் மக்கள்தொகை, அரசுக் கணக்கின்படியே 2024 இறுதியில் 10 மில்லியனுக்குக் கீழே இறங்கிவிட்டது. நாட்டில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு வயது 60-க்கு மேல். அதனால் மலைக் கிராமங்களில் காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைப்பதே சிரமம்.

புயலும் விடுவதில்லை. 2016 அக்டோபர் 4-ஆம் தேதி மேத்யூ புயல் ஹைத்தியில் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்துவிட்டு, கடலைத் தாண்டி மைசி முனையில் ஏறியது. பராக்கோவாவின் கூரைகளும் தென்னைகளும் கோகோ மரங்களும் சரிந்தன. கோகோ மரத்தைத் திரும்ப நட்டால் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும்.

2024 அக்டோபர் 20-ஆம் தேதி ஆஸ்கார் புயல். அதற்கு இரண்டு நாள் முன்புதான் கியூபா முழுவதும் மின்சாரம் துண்டித்துப் போயிருந்தது. கைப்பேசியில் மின்னேற்றம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. பலருக்குப் புயல் எச்சரிக்கையே சரியாகப் போய்ச் சேரவில்லை. மழை கொட்டிய இடமோ, நான் முன்பு சொன்ன வறண்ட தெற்கு. சான் அந்தோனியோ டெல் சுர், இமியாஸ் என்ற இரண்டு ஊர்களும் இரவோடு இரவாக மூழ்கின. மழையே பார்க்காத மண்ணில் வெள்ளம். குறைந்தது 6 பேர் உயிரிழந்தார்கள்.

இந்தச் செய்தி நம் பக்கம் வந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். வானொலியில் நானே செய்தி வாசிக்கும் நாட்கள் உண்டு. நான் வாசித்ததாக நினைவில்லை. ‘குவாண்டனாமோ’ என்ற சொல் என் வாயில் அதுவரை எத்தனையோ முறை வந்திருக்கிறது. ஒருமுறைகூட அது அந்த மக்களைக் குறித்ததில்லை.

புடு என்றால் உலகத்தில் யாராவது சிறை மட்டும்தான் என்று சொன்னால் நாம் விடுவோமா? “சந்தை இருக்கு, பஸ் ஸ்டேஷன் இருந்துச்சு, எங்க மாமா வீடு அங்கதான்” என்று சண்டைக்குப் போவோம். அந்தச் சிறையை இடித்தும் பல ஆண்டுகளாகிவிட்டன. ஊர் இன்னும் இருக்கிறது.

சுங்கை சிப்புட் ஐயா, அன்றிரவு உங்கள் கேள்விக்கு விளம்பரத்தைப் போட்டுத் தப்பித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். ஆமாம், அந்த ஊரில் சனங்கள் இருக்கிறார்கள். சுமார் 5 லட்சம் பேர். தேங்காய்ப்பாலில் மீன் சமைக்கிறார்கள். விடியவிடியப் பாடுகிறார்கள். புயல் பிய்த்த கூரையைத் திரும்பப் போடுகிறார்கள். நீங்கள் கேட்ட பாட்டு அவர்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றியது.

அடுத்த முறை அழையுங்கள். மெட்டை நான் பாடுகிறேன். இந்த முறை ஊரைப் பற்றியும் சரியாகச் சொல்வேன்.